எந்தத் திரை என்று கேளுங்கள்

மேடையமைப்புக்காக ஓர் அரங்கை முதன்முறை பார்க்கச் செல்லும்போது, "திரை இருக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை, "திரை எப்படி நகரும்?" என்றே கேட்பேன். இப்பழக்கம் ஒரு பிழையால் வந்தது. நடுவில் பிரிந்து இருபுறமும் விலகும் திரையை மனத்தில் வைத்து ஒரு நாடகத்தின் முதற்காட்சியை அமைத்திருந்தோம். அங்கே இருந்ததோ ஒரு பக்கமாக இழுக்கப்படும் ஒற்றைத் திரை. நடுவில் நிற்கும் நாயகிக்கு முன்பே, ஓரத்தில் ஒளிந்திருக்க வேண்டிய காவலன் அவையோர் கண்ணில் பட்டுவிட்டான்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாதவியின் ஆடரங்கை விவரிக்கும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்றைச் சொல்கிறது. முதலாவது ஒரு பக்கத்திலிருந்து உருவப்படுவது. இரண்டாவது இருபுறமிருந்தும் வந்து நடுவில் எதிர்ப்படுவது. மூன்றாவதைப் பழைய உரை மேற்கட்டுத் திரை என்கிறது, அதாவது மேலே மறைந்திருந்து இறங்குவது. துணியின் நிறமோ தரமோ அல்ல, அது நகரும் விதமே இங்கே பெயராகியிருக்கிறது என்பது தொழில் செய்பவனுக்கு வியப்பளிக்கிறது.

எழினி என்பது திரைக்குப் பொதுப்பெயராகவும் வழங்கும். ஆனால் பணிக்குறிப்பில் அடைமொழியின்றி எழுதினால், தைப்பவருக்கும் கம்பி பொருத்துபவருக்கும் அதனால் பயனில்லை. காட்சி தீட்டிய பின்திரையை எழினி என்பதும் குழப்பமே. நாடகக் கம்பெனிக்காரர்கள் அதைப் படுதா என்றும் சீன் என்றும் சொன்னார்கள். (தெருக்கூத்தில் இருவர் கையில் பிடித்து நிற்கும் திரை இம்மூன்றில் எதிலும் அடங்காது.)

கூடுதல் கவனம் வேண்டுவது கரந்துவரல் எழினிக்கே. அது மடியாமல் மேலேற, மேடைவாயிலுக்கு மேல் ஏறத்தாழ அத்திரையின் உயரத்துக்கு இடம் வேண்டும். திருமண மண்டப மேடைகளில் பெரும்பாலும் அது இராது என்பதால், அங்கே குழாயில் சுருட்டும் முறையே பொருந்தும். அந்தக் குழாயின் எடை முழுவதும் கயிற்றையும் கப்பியையும் நம்பியிருப்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் இரண்டையும் நேரில் பார்த்துவிட வேண்டும். சூடேறும் விளக்குகளைத் துணியருகே தொங்கவிடக் கூடாது. திரை வந்து தொடும் இடத்தில் தரையில் வெள்ளைக் கோடு இழுத்து, ஒத்திகைக்கு வரும் குழந்தை நடிகர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.