கார்பன் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

காட்டை அழியாமல் காத்து, அதனால் காற்றில் கலக்காமல் நிற்கும் கார்பனைக் கணக்கிட்டு, அதைக் கிரெடிட் என்ற சான்றாக விற்று, கிடைக்கும் பணத்தில் காட்டோரக் கிராமத்துக்கும் ஒரு பங்கு தருபவை வனக் கார்பன் திட்டங்கள். அவற்றின் கணக்கைக் களத்தில் சரிபார்ப்பது என் தொழில். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து விட்டத்தைக் குறிக்கிறோம். விட்டத்திலிருந்து உலர் எடையைக் கணித்து, அதில் ஏறத்தாழப் பாதி கார்பன் என்று கொண்டு, 44/12 என்ற விகிதத்தால் பெருக்கினால் அந்த மரம் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐயம் எழுந்தால் மறுநாள் மீண்டும் அளக்கலாம். மரம் எங்கும் போய்விடாது. பணம் பெற்றவர்களின் பேரேட்டைச் சரிபார்ப்பதுதான் கடினம்.

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் அப்படியொரு பேரேட்டைப் புரட்டினேன். கையெழுத்துகளும் கைரேகைகளும் வரிசையாக இருந்தன. தொகைகளும் சரியாகவே இருந்தன. ஆனால், பாதுகாக்கப்பட்ட காட்டின் ஓரத்திலேயே குடியிருந்த ஒரு பெண்ணின் பெயர் அதில் இல்லை. அவருடைய குடும்பத்திடம் நிலத்துக்கான ஆவணம் எதுவும் கிடையாது. அவர் நாள்தோறும் விறகுக்குப் போய்வந்த ஒற்றையடிப் பாதையின் குறுக்கே முள்வேலி போட்டிருந்தார்கள். சுமை கட்டும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது சுற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவர் சொன்னார். கார்பன் கணக்கில் அந்த நேரத்தைப் பதிவதற்குக் கட்டமே இல்லை.

காடழிப்பைக் குறைக்கும் நாடுகளுக்கு ஈடு வழங்க வேண்டும் என்ற யோசனையை 2005இல் மான்ட்ரியால் காலநிலை மாநாட்டில் பப்புவா நியூ கினியும் கோஸ்டா ரிக்காவும் முன்வைத்தன. அதுவே பின்னர் ரெட் பிளஸ் என்ற ஏற்பாடாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1996ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின் வழியாக, எரிபொருள் வரியின் ஒரு பகுதியைக் காட்டு உடைமையாளர்களுக்கு வழங்கும் முறையைக் கோஸ்டா ரிக்கா உருவாக்கியிருந்தது. முன்னோடித் திட்டம் என்று அதைப் பாராட்டுவது நியாயமே. ஆனால் தொடக்க ஆண்டுகளில் முறையான நில உரிமைப் பத்திரம் கேட்கப்பட்டதால், பத்திரம் இல்லாத சிறு குடியானவர்கள் வெளியே நின்றார்கள். இந்த நிபந்தனை பின்னரே தளர்த்தப்பட்டது.

பணம் கொடுத்தால் காடு நிற்கிறதா என்று கேட்டால், சில இடங்களில் நிற்கிறது என்பதே என் பதில். உகாண்டாவில் 121 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில் 60 கிராமங்களின் தனியார் காட்டு உடைமையாளர்களுக்கு, மரம் வெட்டாதிருப்பதற்காக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 உகாண்டா ஷில்லிங், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 28 டாலர், அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் மரப்பரப்பு 4.2 விழுக்காடு குறைந்தது. மற்ற கிராமங்களில் 9.1 விழுக்காடு குறைந்தது. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. ஆயினும் பணம் பெறத் தகுதியுடையவர் காட்டை உடைமையாகக் கொண்டவர் மட்டுமே. அவரது காட்டில் சுள்ளி பொறுக்குபவர் அல்லர்.

பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். அளந்து, சரிபார்த்து, பதிவு செய்து, கிரெடிட்டை விற்ற பிறகுதான் கிராமத்துக்குப் பங்கு வரும். ஏழைக் குடும்பத்துக்கோ அறுவடைக்கு முந்தைய மாதங்களில்தான் தானியக் குதிர் காலியாகிறது. அந்த மாதங்களில் கரிமூட்டம் போட்டு விற்றால் அன்றே காசு கிடைக்கும். அதைத் தவறு என்று சொல்வதற்கு, மாதச் சம்பளம் வாங்கும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் 2007இல் தொடங்கிய திட்டத்தில் மாதந்தோறும் 50 ரியால், பெரும்பாலும் குடும்பத்துப் பெண்ணின் பெயரில், வழங்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆனால் எப்போது வரும் என்று தெரிந்திருப்பது வீட்டுச் செலவைத் திட்டமிட உதவும்.

இன்னொரு சிக்கல், திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற அடிப்படைக் கணிப்பில் இருக்கிறது. 26 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று கண்டது. அழிவை மிகையாகக் கணித்தால் விற்பதற்குக் கூடுதல் கிரெடிட் கிடைக்கும். அந்த மிகையான கணிப்பை எழுதுபவர் திட்டத்தின் ஆலோசகர். அது அம்பலமாகிக் கிரெடிட்டின் விலை சரியும்போது பங்கு குறைவது கிராமத்துக்கு. பல ஒப்பந்தங்கள் 20, 30 ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன. தீப்பிடித்தால் இழப்பு யாருடையது, விலை உயர்ந்தால் கூடுதல் பங்கு உண்டா, இடையில் விலக முடியுமா என்பவை மக்களின் சொந்த மொழியில் உரக்கப் படித்துக் காட்டப்படாவிட்டால், அங்கே வாங்கப்படும் கையெழுத்தை ஒப்புதல் என்று நான் ஏற்பதில்லை.

அந்தக் கிராமத்துக்குப் பிறகு, நாடாவை எடுப்பதற்கு முன் பேரேட்டைக் கேட்கிறேன்; அதில் பெயர் இல்லாத வீடுகளுக்கு முதலில் போகிறேன். முள்வேலியை அறிக்கையில் ஒரு குறையாகப் பதிவு செய்தேன். வாரத்தில் இரண்டு நாட்கள் பாதையைத் திறந்துவிடத் திட்டத்தார் இசைந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரைப் பேரேட்டில் சேர்க்க மட்டும், ஆவணம் இல்லை என்ற அதே காரணத்தைச் சொல்லி, மறுத்துவிட்டார்கள்.