எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒயிலைப் பாருங்கள்

பழைய பிரித்தானியக் காரான மொரிஸ் மைனரின் எஞ்சினுக்குப் பின்பக்கத்தில் ரப்பர் ஒயில் சீல் கிடையாது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் மரை வெட்டியதைப் போன்ற ஒரு சுருள் தடம் மட்டுமே இருக்கிறது. கிராங் சுழலும்போது வெளியே வரப் பார்க்கும் ஒயிலை அந்தத் தடம் உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றால் அதன் வேலையும் நின்றுவிடும். ஆகவே, ஓடிவந்து நிறுத்திய மைனருக்கு அடியில் இரண்டொரு துளி விழுந்தால் அதைப் பழுதென்று சொல்ல முடியாது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை இருக்கும். அது அடைபடாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் அதில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் துளிகள் வெளியேறத்தான் இந்த ஏற்பாடு. இது தெரியாமல், "பின் சீல் போய்விட்டது" என்று யாரோ சொன்னதை நம்பி, புதிதாகச் செய்து பூட்டிய எஞ்சினை மறுபடியும் இறக்கியவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். இறக்கிப் பார்த்தால் மாற்றுவதற்கு அங்கே சீலே இல்லை.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு எங்கள் பக்கத்தில் பழைய கார்களுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. வளவுக் கொட்டில்களில் தென்னோலைக்கு அடியில் கிடந்த மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், வொக்ஸ்வாகன் பீற்றில் எல்லாம் வெளியே வந்தன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அவற்றுட் பல மீண்டும் மாதக்கணக்கில் நின்றன. இப்போது கல்யாண வீடுகளுக்குப் பூமாலை கட்டி ஓடுகின்றன. பெயின்ற் பளபளக்கிறது, குறோமியம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் என் கராஜுக்கு வரும் புதுப்பித்த கார்களில் பெரும்பாலானவை ஒயில் சிக்கலோடுதான் வருகின்றன. தேய்ந்த எஞ்சினின் நோய் வேறு, புதிதாகச் செய்த எஞ்சினின் நோய் வேறு. இரண்டாவது வகையில் குற்றம் பெரும்பாலும் செய்த வேலையில்தான் இருக்கும்.

ஒழுக்கில் இருந்து தொடங்குவோம். ஒயில் கீழே விழும் இடமும் அது கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. கார் ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். மேலே றொக்கர் மூடியில் கசிந்தது பின்னால் பெல் ஹவுசிங்கில் சொட்டும். மைனரின் எஞ்சினில் காபரேற்றர் பக்கமாக, மனிபோல்டுக்கு அடியில் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. வால்வுகளைத் தள்ளும் தப்பெட்டுகளை மூடும் பக்க மூடிகள் அவை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அவற்றின் கோர்க் கேஸ்கட்டை மாற்றப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே கசிவது புளொக்கின் ஓரமாக ஓடிப் பின்னால் போய்ச் சேரும். பார்ப்பவர் பின் சீல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

கண்டுபிடிக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் சோக்குப் பொடியையோ முகப்பவுடரையோ தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் வேலை. இரவு காருக்கு அடியில் வெள்ளைக் காட்போட் மட்டை ஒன்றை விரித்து வைத்தால் துளியின் நிறமும் தெரியும். மைனரின் கியர்பாக்ஸில் ஊற்றுவதும் எஞ்சின் ஒயில்தான். அதனால் மணத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆனால் எஞ்சினில் ஓடிய ஒயில் கறுத்துப்போகும், கியர்பாக்ஸில் உள்ளது நெடுநாள் தேன் நிறத்திலேயே இருக்கும். மட்டையில் விழுந்த துளி தேன் நிறமாக இருந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

கேஸ்கட் எல்லாம் புதிது, மூடிகள் எல்லாம் இறுக்கம், ஆனாலும் நாலு பக்கமும் கசிகிறது என்றால் நான் முதலில் தேடுவது மூச்சுக்குழாயை. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் அவற்றைத் தாண்டி, அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வழி இருக்க வேண்டும். பழைய மைனர்களில் பக்க மூடியிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்கும். ஒயில் ஊற்றும் மூடியிலும் காற்றுப் போகத் துளைகள் இருக்கும். பிந்திய 1098 சிசி எஞ்சின்களில் இந்தக் காற்றை ஒரு வால்வு வழியாக மனிபோல்டுக்குள் இழுக்கும் ஏற்பாடு வந்தது. புதுப்பிப்பவர்கள் அழகு பார்க்கிறார்கள். குழாய் அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் போல்ட் ஒன்றை அடித்துப் பெயின்ற் பூசிவிடுகிறார்கள். அல்லது வேறு காரின் அடைப்பான மூடியை, பளபளக்கிறது என்பதற்காகவே, வாங்கிப் போடுகிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பின்பக்கத்துச் சுருள் தடம் அழுத்தத்துக்கு எதிராக ஒன்றும் செய்யாது. ஒயில் தனக்குக் கிடைத்த வழியெல்லாம் வெளியே வரும்.

சோதிக்க ஒரு ஸ்பனரும் தேவையில்லை. எஞ்சின் சூடேறிய பின் ஐடிலில் ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடி திறந்ததும் புஸ்ஸென்று காற்றுத் தள்ளினால், மூச்சுவழி அடைந்திருக்கிறது அல்லது ரிங் விடுகிறது. மூச்சுவழியைத் திறந்துவிட்டு மறுபடியும் பாருங்கள். பாதிக் கார்களில் ஒழுக்கு அங்கேயே நின்றுவிடும்.

அளவையும் சொல்ல வேண்டும். மைனர் 1000 எஞ்சினுக்கு ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில் போதும். கடையில் கிடைப்பது நாலு லீற்றர்க் கலன். மிச்சம் வைத்து என்ன செய்வது என்று முழுவதையும் ஊற்றுபவர்கள் அதிகம். பீற்றிலுக்குத் தேவை வெறும் 2.5 லீற்றர்தான். அதில் போய் நாலு லீற்றரைக் கவிழ்த்தவரையும் பார்த்திருக்கிறேன். கூடிப்போன ஒயிலைக் கிராங் அடித்து நுரையாக்கும், பிறகு அது சீல் வழியாகவும் ரிங் வழியாகவும் வெளியேறும். கலனின் அளவைப் பார்த்து ஊற்றாதீர்கள், டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்தது அழுத்தம். ஒழுக்கு தரையை அழுக்காக்கும், குறைந்த அழுத்தம் எஞ்சினையே கொன்றுவிடும். டாஷ்போர்டிலுள்ள ஒயில் விளக்கு அழுத்தம் மிகவும் கீழே இறங்கிய பின்தான் எரியும். விளக்கு எரியாததால் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. எரிவதால் பெயரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. சந்தையில் இப்போது கிடைக்கும் சுவிட்ச்சுகள் எல்லாம் நம்பத்தக்கவையல்ல. அந்தச் சுவிட்ச்சைக் கழற்றி அதே இடத்தில் இயந்திரக் கேஜ் ஒன்றைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எல்லாக் கேஜும் நல்ல செய்திதான் சொல்லும். மைனருக்கு ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவும், ஐடிலில் 15 அளவும் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் கல்யாணக் காராக ஓடும் தன் மைனரைக் கொண்டுவந்தார். சூடேறினால் ஐடிலில் விளக்கு மினுங்குகிறது. வேறோர் இடத்தில் பெயரிங் முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, எஞ்சின் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரும்பவும் இறக்குவதா?" என்று கேட்டார்.

"பொறுங்கள் அண்ணே, முதலில் கேஜைப் பூட்டிப் பார்ப்போம்" என்றேன்.

ஐடிலில் மட்டுமல்ல, ஓட்டத்திலும் அழுத்தம் 30 ஐத் தாண்டவில்லை. ஆனால் தட்டும் சத்தம் ஒன்றும் இல்லை. பெயரிங் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் எஞ்சின் பேசாமல் இராது. புளொக்கின் பின்பக்கத்தில் ஒரு குமிழ் நட்டுக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கழற்றினால் வால்வின் இருக்கையில் காய்ந்த சிலிக்கன் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. வால்வு மூடாமல் பாதி திறந்தபடி நின்றதால் ஒயில் பெயரிங்குக்குப் போகாமல் சம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. துடைத்துப் பூட்டியதும் அழுத்தம் ஏறியது. பிறகு சம்பையும் இறக்கினோம். ஒயில் உறிஞ்சும் வலையிலும் சிலிக்கன் நூல்நூலாகத் தொங்கியது.

இந்தச் சிலிக்கனைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. கோர்க் கேஸ்கட்டை ஒழுங்காக வெட்டிப் பொருத்தப் பொறுமையில்லாமல் குழாயைப் பிதுக்குகிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுகிறார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்று நினைப்பதில்லை. சம்பின் இரு முனைகளிலும், மெயின் பெயரிங் மூடிகளுக்கு அடியில் வரும் கோர்க் பட்டிகள் சற்று உயர்ந்து நின்று நசுங்க வேண்டும். அதை மட்டமாக வெட்டிவிட்டுச் சிலிக்கனால் நிரப்பினால் ஒழுக்கும் நிற்காது, வலையும் அடைபடும்.

ஒயில் பில்டர்க் கிண்ணத்தின் மேல்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பழையது பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு கறுப்பாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கினால் முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி ஒயில் முழுவதும் வீதியில் போய்விடும். பழைய வளையத்தைக் கூர்மையான ஊசியால் கிளப்பி எடுத்துக் கையில் பார்த்த பிறகுதான் புதியதை வைக்க வேண்டும்.

புகை விசயத்தில் நிறத்தோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேற்றரை மிதிக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். நெடுநேரம் ஐடிலில் நின்று பிறகு கிளம்பும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்தால், வால்வின் தண்டு ஓடும் வால்வு கைட் பக்கம். உறுதிசெய்ய, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்பிரசன் கேஜ் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்தபின், குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அளவு தெளிவாக ஏறினால் ரிங். அசையவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

புதிய ரிங் போட்ட எஞ்சின் புகைப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது: கல்யாண ஊர்வலம். புதிய ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு பழகுவதற்குச் சுமை வேண்டும். எஞ்சின் செய்து முடித்த கிழமையே மண்டப வாசலில் மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி, பிறகு நடை வேகத்தில் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் சுவர் கண்ணாடிபோல வழுவழுத்துவிடும். ரிங் பிடிக்காது, ஒயில் மேலே ஏறும். செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை வழியாக மகா ஓயாப் பக்கம் போகும் பாதை புதிய எஞ்சினுக்கு நல்லது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நடுத்தரச் சுமையில் ஓட்டலாம். முதல் ஒயிலைச் சில நூறு கிலோமீற்றரில் மாற்றிவிட வேண்டும். கல்யாணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கும் பழக்கமும் தேவை. பெற்றோல் மணத்தால் ஒயில் மெலிந்திருக்கிறது என்று பொருள். பீற்றிலில் பெற்றோல் பம்ப் எஞ்சினோடு பூட்டியிருப்பதால், அதன் ரப்பர்த் தகடு கிழிந்தால் பெற்றோல் நேரே சம்புக்குள் இறங்கும். மைனரின் பம்ப் எஞ்சினுக்கு வெளியே உள்ள மின்பம்ப். அங்கே காபரேற்றரின் மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். ஒயில் அளவு தானாகக் கூடுகிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. எஞ்சினில் ஒயில் ஊறாது.

ஒயில் பால் தேநீரின் நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். மாரி காலத்தில் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் ஈரம் ஆவியாகப் போகாமல் தங்கிவிடும், ஒரு நீண்ட ஓட்டத்தில் அது தெளிந்துவிடும். டிப்ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிந்து, ரேடியேற்றரிலும் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

எந்த ஒயில் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மாறுவதில்லை: எங்கள் வெக்கைக்கும் இந்த எஞ்சின்களுக்கும் தடிப்பான 20டபிள்யூ-50 கனிம ஒயில். இன்றைய ஜப்பான் கார்களுக்கான மெல்லிய 5டபிள்யூ-30 விலை கூடியது, அதனால் நல்லது என்று ஊற்றினால் அழுத்தம் இறங்கும், ஒழுக்கு கூடும். இன்னொன்றும் இருக்கிறது. 2004 இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற அமெரிக்க ஒயில் தரத்திலிருந்து இத்தகைய மெல்லிய ஒயில்களில் பொஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி கெடாமல் இருப்பதற்காக அந்தக் கட்டுப்பாடு. ஆனால் பழைய எஞ்சினின் தட்டைத் தப்பெட்டுகளைத் தேயாமல் காப்பதே பொஸ்பரஸ் அடங்கிய துத்தநாகச் சேர்மம்தான். போத்தலில் வரும் தடிப்பான 'மருந்துகளை' நான் ஊற்றுவதில்லை. அவை நோயைக் காட்டும் சத்தத்தை அமுக்கிவிடுகின்றன, நோய் அப்படியே இருக்கிறது.

கார்த்திகை, மார்கழியில் வெள்ளத்தில் நின்ற கார் என்றால், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றோட் வளைந்துவிடும். பற்றரியைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் எடுத்துவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயிலையும் பில்டரையும் மாற்றி, சூடேறும் வரை ஓடவிட்டு, மறுபடியும் மாற்றுங்கள். கியர்பாக்ஸையும் பின் அச்சையும் திறந்து பாருங்கள், அங்கேயும் மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கும். வாவித் தண்ணீர் ஏறிய கார் என்றால் உப்பு பெயரிங்கைத் தின்னத் தொடங்குமுன் அன்றைக்கே இதைச் செய்ய வேண்டும்.

கராஜுக்குக் கொண்டுவரும்போது எஞ்சினைக் கழுவிக் கொண்டுவராதீர்கள், ஒயிலை நிரப்பியும் கொண்டுவராதீர்கள். கடைசியாக ஊற்றிய ஒயிலின் வெறுங்கலன் இருந்தால் அதையும், இரவு விரித்த காட்போட் மட்டையையும் எடுத்துவாருங்கள்.