தன் கிளையைத் தானே வெட்டும் பஸ்ஸர்

பழைய பேட்டரி பஸ்ஸர் ஒன்றின் மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. இரும்புத் துண்டின்மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், அதற்கு எதிரே மெல்லிய இரும்புத் தகடு, தகட்டைத் தொட்டபடி ஒரு திருகு. பொத்தானை அழுத்தியதும் திருகு வழியாகத் தகட்டுக்கும் அங்கிருந்து சுருளுக்கும் மின்சாரம் பாய்கிறது. சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. இழுபட்ட தகடு திருகைவிட்டு விலகியதும் மின்சாரம் அறுபடுகிறது, காந்தம் போய்விடுகிறது, தகடு துள்ளித் திரும்பி மறுபடியும் திருகைத் தொடுகிறது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிறவன் கதைதான். இங்கே கிளை ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொள்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடப்பதுதான் அந்த ‘ர்ர்ர்’.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் திருகின் முனையில் நீலப் பொறி தெரியும். அந்தப் பொறிதான் முனையைக் கரியாக்கி, ஒருநாள் பஸ்ஸரை ஊமையாக்குகிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் பேசிவிடும். வண்டிகளின் தட்டு ஹாரனும் இதே குடும்பம்.

வாஷிங் மெஷின், தெர்மாமீட்டர் ஆகியவற்றின் ‘பீப்’ வேறு வகை. அங்கே பெரும்பாலும் சுருளே கிடையாது. நாணயம் போன்ற பித்தளை வட்டு. அதன்மேல் வெள்ளைப் பீங்கான் படலம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று மறு ஆண்டே இன்னொரு இயற்பியலாளர் லிப்மன் கணித்தார். சகோதரர்கள் அதையும் சோதித்துக் காட்டினார்கள். வட்டின் பீங்கானும் அப்படித்தான். மின்சாரம் பட்டதும் பீங்கான் சுருங்குகிறது, பித்தளை சுருங்குவதில்லை. ஒருபக்கம் மட்டும் காய்ந்த தோசைபோல வட்டு வளைகிறது. மின்னழுத்தத்தின் திசை மாறினால் எதிர்ப்பக்கம் வளைகிறது.

வட்டு மட்டும் தனியாகக் கிடந்தால் சத்தம் கீச்சென்றுதான் வரும். சிறு துளையிட்ட பிளாஸ்டிக் கூட்டில் அடைத்தால்தான், பாட்டில் வாயில் ஊதும்போது நடப்பதுபோல, உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து காதைத் துளைக்கிறது. சுருதி பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள நம் காதுக் குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் ஒத்ததிர்கிறது. குறைந்த மின்சாரத்தில் இவ்வளவு எரிச்சல் மூட்ட முடிவது அதனால்தான்.

வட்டை எப்போது திருப்பி வளைப்பது என்று யார் சொல்வது? இரண்டு கம்பி வட்டுகளுக்கு ஒரு சிப் தாளம் போடுகிறது. பாடும் வாழ்த்து அட்டை இப்படித்தான் மெட்டை மாற்றுகிறது. சில வட்டுகளில் மூன்றாவது கம்பி உண்டு. பீங்கான்மேல் நாக்குபோலத் தனியாகப் பிரித்த சிறு பகுதியிலிருந்து அது வரும். வட்டு வளையும்போது அந்த நாக்கில் மின்னழுத்தம் பிறந்து டிரான்சிஸ்டருக்குப் போகிறது. டிரான்சிஸ்டர் உடனே வட்டை மறுபக்கம் தள்ளுகிறது. பழைய திருகின் வேலையேதான். ஆனால் தொடுமுனை இல்லை, பொறி இல்லை, உப்புத்தாளுக்கும் வேலையில்லை.