சென்னை ஏன் செங்கல்பட்டுப் பக்கம் போகிறது?

கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் சாலையோர வயல்களில் எல்லைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை விற்கிறார்கள். பேனரில் ‘ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்’ என்றிருக்கும்; எத்தனை கிலோமீட்டர் என்று இருக்காது. (அந்தப் பத்து நிமிடம் எந்த நேரத்துக் கணக்கு என்று கேட்கக்கூடாது.) விற்பவர்களுக்கு நகரப் பொருளாதாரம் நன்றாகவே தெரியும்.

வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிலத்துக்குப் போட்டி அதிகம், விலையும் அதிகம். தள்ளிப் போகப் போக விலை இறங்கும். பயணச் செலவும் அலைச்சலும் ஏறும். இப்படி இறங்கும் விலை, விவசாயத்துக்கு அந்த நிலம் பெறும் மதிப்பைத் தொடும் இடமே நகரத்தின் விளிம்பு. 1964இல் நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ விளக்கிய கணக்கு இது. ஜனத்தொகை கூடினாலும், வருமானம் உயர்ந்தாலும், பயணம் சுலபமானாலும் விளிம்பு வெளியே நகரும்.

மூன்றாவதற்குச் சென்னையே சாட்சி. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் தண்டவாளத்தை ஒட்டியே குரோம்பேட்டையும் பல்லாவரமும் நிரம்பின. பிறகு வேலையே இடம் மாறியது. 2000இல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது; பின்னர் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஆறுவழியானது. சிறுசேரியில் வேலை பார்ப்பவருக்குப் பாரிமுனை எவ்வளவு தூரமாக இருந்தால் என்ன, கேளம்பாக்கம் பக்கம்தானே!

சட்டமும் தன் பங்குக்குத் தள்ளுகிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்வது தளப்பரப்புக் குறியீடு. அது 1.5 என்றிருந்த காலத்தில் ஒரு கிரவுண்டில் சாதாரணக் கட்டடத்தில் 3,600 சதுர அடிக்கு மேல் கட்ட முடியாது. 2019இல் அது 2 ஆனது. உயர முடியாத நகரம் பரவத்தான் செய்யும். என்னைக் கேட்டால், ‘ஜனம் பெருத்துவிட்டது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த விதியைத்தான்.

பரவுவதும் ஒழுங்காக இருக்காது. விலை ஏறட்டும் என்று நடுவில் உள்ள மனைகளைப் பூட்டிவைப்பதால், வீடுகள் அவற்றைத் தாண்டிக் குதிக்கின்றன. குடிநீர்க் குழாய் அத்தனை காலி இடத்தையும் கடந்து போகவேண்டும். அதுவரை லாரித் தண்ணீர்.

மலிவு மனைகளில் பல தாழ்வான நிலங்கள். வடிகாலுக்கு ஆகும் செலவு மனை விலையில் சேர்வதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்க்காரர்கள் அந்தச் செலவை வெள்ளச் சேதமாகத் தனியாகக் கொடுத்தார்கள்.