கார்ப்பரேட் கவர்னன்ஸ்னா நிர்வாகம் இல்லைங்க

"கார்ப்பரேட் நிர்வாகம் சரியில்லாததே பொதுத்துறை நிறுவனங்களின் நஷ்டத்துக்குக் காரணம்" - இந்த மாதிரி வரியை எங்க பார்த்தாலும் எனக்கு எரிச்சலா வருது. இங்கிலீஷ் மூலத்துல இருந்தது 'கார்ப்பரேட் கவர்னன்ஸ்', தமிழ்ல வந்து இறங்கினது நிர்வாகம், நடுவுல பழி ஒருத்தர் தலையில இருந்து இன்னொருத்தர் தலைக்கு மாறிடுச்சு.

சொல்லோட வேரை சட்டுனு முடிச்சுடறேன். கப்பலுக்கு சுக்கான் பிடிக்கறதைச் சொல்ற கிரேக்க வினை லத்தீன்ல 'குபெர்னாரே' ஆச்சு, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து கவர்ன் ஆச்சு. கார்ப்பரேட்ங்கறது 'கார்ப்பஸ்', அதாவது உடம்பு. பலபேர் சேர்ந்து சட்டத்தோட கண்ணுல ஒரே உடம்பு. கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு 1992ல பிரிட்டன்ல காட்பரிங்கறவர் தலைமையிலான கமிட்டி சொன்ன விளக்கம்தான் இன்னிக்கும் ஓடுது: கம்பெனிகளை நெறிப்படுத்தி கட்டுப்படுத்தற முறை. அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நிர்வாகம்னா தினப்படி வேலையை நடத்தறது, ஆள் எடுக்கறது, கொள்முதல், விற்பனை எல்லாம். கவர்னன்ஸ்ங்கறது அந்த நடத்தறவரை யார் நியமிக்கறாங்க, அவர் யாருக்கு கணக்கு சொல்லணும், தப்பு பண்ணா யார் தூக்கலாம், தணிக்கை யார் கையில இருக்குங்கறது. தனியார் கம்பெனியில ரெண்டையும் குழப்பினாக்கூட சமாளிச்சுடலாம், அரசு நிறுவனத்துல முடியாது. ஏன்னா அங்க மக்கள்தான் முதலாளி, ஆனா முதலாளி நாற்காலியில உக்காந்திருக்கறது அமைச்சர், அதே அரசுதான் விதியும் போடுது, பல நேரம் பெரிய வாடிக்கையாளரும் அதுவேதான். உரிமையாளர் வேலையையும் ஒழுங்குமுறை வேலையையும் பிரிச்சு வைங்கன்னு ஓஇசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) 2005லயே வழிகாட்டி போட்டது இதுக்குத்தான்.

பிரேசில் அரசோட எண்ணெய் கம்பெனி பெட்ரோப்ராஸை எடுத்துக்கங்க. ஆழ்கடல்ல எண்ணெய் எடுக்கற வித்தையில உலகத்துலயே முன்வரிசை, வேலை தெரியாத கம்பெனின்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பணவீக்கத்தை அடக்கணும்னு அரசு பெட்ரோல் விலையை அமுக்கி வச்சுது, கம்பெனி வெளிநாட்டுல கூடுதல் விலைக்கு வாங்கி உள்ள குறைச்சு வித்துது. கட்சிகளோட தயவுல பதவிக்கு வந்த அதிகாரிகள் கான்ட்ராக்ட்ல கமிஷன் அடிச்சாங்க. 2014ல விசாரணை வெடிச்சு, ஊழலுக்குன்னு மட்டும் 620 கோடி பிரேசில் ரியாலை கணக்குல இருந்து தள்ளினாங்க. 2016ல வந்த சட்டம் கை வச்ச இடத்தைப் பாருங்க: அமைச்சர், கட்சித் தலைவர்லாம் அரசு நிறுவனங்களோட போர்டுல, அதாவது இயக்குநர் குழுவுல, உக்காரக் கூடாது. இதை "நிர்வாகச் சீர்திருத்தம்"னு எழுதினா படிக்கறவருக்கு என்ன புரியும்? ஆஃபீஸ்ல கம்ப்யூட்டர் மாத்தினாங்கன்னு நினைப்பார்.

நிர்வாகம் வடசொல்ங்கறதால நான் எதிர்க்கறேன்னு யாரும் கிளம்ப வேண்டாம். தூய தமிழ்லயும் தப்பா எழுதலாம், அதுக்கு கார்ப்பரேட் கவர்னன்ஸை 'பெருநிறுவன ஆளுமை'ன்னு எழுதறதே சாட்சி. இ-கவர்னன்ஸுக்கு வச்ச 'மின் ஆளுமை'யால பரவின வியாதி இது. ஆளுமைன்னா இன்னிக்கு எல்லாருக்கும் பர்சனாலிட்டிதான், அதனால பெருநிறுவன ஆளுமைன்னு தலைப்பு பார்த்தா ஏதோ தொழிலதிபரோட வாழ்க்கை வரலாறுன்னு தோணுது. பெரு எதுக்குன்னும் புரியல, சின்ன அரசுக் கழகத்துக்கு போர்டு கிடையாதா? இலங்கையில ஆண்டறிக்கைகள்ல 'கூட்டாண்மை ஆளுகை'ன்னு போடறாங்க. பின்பாதி சரி, ஆனா கூட்டாண்மைன்னா தமிழ்நாட்டுல பார்ட்னர்ஷிப், குழப்பம் கூடும். 'நிறுவன ஆட்சி'ங்கறது அரசு நிறுவனத்தைப் பத்தி பேசும்போது இன்னும் மோசம், எந்த ஆட்சின்னு தனியா விளக்கணும்.

என் ஓட்டு நிறுவன ஆளுகைக்கு. வருகை, செய்கை மாதிரி -கை விகுதி சேர்ந்த தொழிற்பெயர், ஆள்ற செயலைத்தான் சொல்லுது. -மை சேர்ந்தா குணத்துப் பக்கம் சாஞ்சுடும், அதான் ஆளுமைக்கு நடந்தது. இலக்கணமே வழி காட்டும்போது மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன தயக்கம்னு தெரியல.

அவங்களைச் சொல்லி என்ன, இங்கிலீஷ்ல 'ஸ்டேட்'னா அரசுங்கற அர்த்தமும் உண்டுன்னு பார்க்காம, அரசுக்குச் சொந்தமானதைக்கூட "மாநிலத்துக்குச் சொந்தமான நிறுவனம்"னு எழுதறாங்க. சீனாவுல மாகாணம்தான் இருக்கு, ஆனா 'சீன மாநில எண்ணெய் நிறுவனம்'னு தைரியமா போடறாங்க. பெர்ஃபார்மன்ஸை எங்கயும் கண்ணை மூடிக்கிட்டு செயல்திறன்னு எழுதறதும் அதே ரகம். கம்பெனி திறமையா ஓடியும் அரசு விலையை அமுக்கினதால நஷ்டம் காட்டலாமே, அப்ப குறைஞ்சது திறனா? செயல்பாடுன்னு எழுதினா வேலை முடிஞ்சுது.