மேஜை சிஎன்சியில் அலுமினியம் போடும் முன்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டும் பெரிய மெஷின்களான விஎம்சி இரண்டு, ஒரு பழைய லேத். சமீப காலமாக மாதத்துக்கு ஒருவராவது முறிந்த கட்டரைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் காலேஜ் பையன்கள். “அண்ணா, வீட்ல ஒரு 3018 மெஷின் வாங்கியிருக்கேன். மரம் ஜோரா வெட்டுது. அலுமினியம் போட்டா டூல் ஒடஞ்சிடுது.” 3018 என்பது மேஜையில் வைக்கும் சின்ன சிஎன்சி, கம்ப்யூட்டர் சொல்படி கட்டரைச் சுற்றி நகர்த்தி வெட்டும்.

போன மாதம் வந்த தம்பியின் கட்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 3.175 மில்லிமீட்டர், நாலு ஃப்ளூட், அதாவது வெட்ட நாலு பல், சீவல் வெளியேற நாலு பள்ளம். நாலு பள்ளத்திலும் அலுமினியம் உருகி அப்பிக்கொண்டு, கட்டர் மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது. ஃபீட், அதாவது டூல் நகரும் வேகம், எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன்.

“பயமா இருந்துச்சுண்ணா. அறுபதுதான் வச்சேன்.”

அந்தப் பயம்தான் டூலை முறித்தது. கணக்கைப் பாருங்கள். அந்த மெஷினில் இருப்பது 775 மோட்டார், சுமார் 10,000 ஆர்பிஎம். நிமிஷத்துக்கு 60 மில்லி ஃபீட், நாலு பல். ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் உலோகம் 0.0015 மில்லி. கார்பைடு டூலின் விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் அதிலேயே அதைவிடப் பெரிய மழுங்கல் உண்டு. அப்புறம் எங்கே வெட்டுவது? தேய்க்கத்தான் செய்யும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகிப் பல்லில் ஒட்டும், பள்ளம் அடைத்ததும் டூல் முறியும்.

அதே மெஷினில் ஒற்றை ஃப்ளூட் கட்டரைப் போட்டு, ஒரு பல்லுக்கு 0.02 மில்லி என்று வைத்தால் ஃபீட் 200 வரும். அடக்கி வாசிக்க வேண்டியது ஆழத்தில்தான். ஒரு பாஸுக்கு, அதாவது ஒரு தடவை ஓட்டத்துக்கு, 0.2 மில்லிக்கு மேல் அந்த மெஷினின் பாடி தாங்காது. 3 மில்லி தகட்டை 15 பாஸில் எடுங்கள். டூலை நேராகக் கீழே குத்தாமல் சரிவாக இறக்குங்கள். கருநீலமாக மின்னும் டிஐஏஎல்என் (டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு) கோட்டிங் டூல் விலை கூடுதல் என்பதால் நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் இருக்கிறது, ஜாப்பில், அதாவது வெட்டும் துண்டில், இருக்கும் அலுமினியம் அதோடு சுலபமாக ஒட்டும். கோட்டிங் இல்லாத, பாலிஷ் செய்த கட்டரே போதும்.

சரியாக வெட்டுகிறதா என்று மெஷினே சொல்லும். விழும் சிப்ஸை, அதாவது உலோகச் சீவலை, ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். திருநீறு மாதிரி மாவாக இருந்தால் தேய்க்கிறது. நகம் வெட்டிய துண்டு போலக் குட்டிக் குட்டியாய்ப் பளபளத்தால் வெட்டுகிறது.

இன்னொன்று, டூலைக் கவ்விப் பிடிக்கும் காலட். அந்தத் தம்பியை டூல் மாட்டிக் காட்டச் சொன்னேன். ஈஆர்11 அளவு காலட்டை நேரே ஸ்பிண்டிலில் (டூலைச் சுற்றும் தண்டில்) சொருகி, மேலே நட்டைத் திருகினார். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான். காலட்டை முதலில் நட்டுக்குள் லேசாகச் சாய்த்து அழுத்த வேண்டும், ‘டக்’ என்று உட்காரும். பிறகுதான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் டூல் நடுவில் நிற்காமல் ஆட்டம் போடும். வெட்டுவது 0.02 மில்லி, ஆட்டம் 0.05 மில்லி என்றால் சரியான ஃபீட் வைத்தும் பலன் இல்லை. டூலைத் தேவைக்கு மேல் வெளியே நீட்டவும் வேண்டாம். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு.

இரும்பு வெட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

பட்டறைப் பாடம் இதோடு முடிந்தது. இனி சொல்லப்போவது கண், கை, நெருப்பு பற்றி. ஃபீடைக் கூட்டப் பயந்த தம்பி இதில் எதற்குமே பயப்படவில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கே நடந்தது. பவர் கண்ணாடி போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் ஜாப்பைக் குனிந்து பார்த்தேன். சிப்ஸ் ஒன்று கன்னத்தில் பட்டு, கண்ணாடியின் பக்கவாட்டு இடுக்கு வழியாக மேல் இமைக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டை நுனியை முறுக்கி எடுக்கப் பார்த்தார். பட்டறைகளில் இது பரம்பரை வைத்தியம். வரவில்லை. நானும் கசக்கினேன். மறுநாள் டாக்டர் பார்த்தபோது கருவிழியில் கீறல். சிப்ஸ் போட்டதை விடக் கசக்கிப் போட்டதுதான் அதிகம் என்று திட்டினார். அலுமினியம் காந்தத்திலும் வராது. பக்கத் தடுப்பு உள்ள பாலிகார்பனேட் கண்ணாடியைப் பவர் கண்ணாடிக்கு மேலேயே போடலாம். அப்படியும் விழுந்துவிட்டால் கசக்காதீர்கள், நேரே கண் டாக்டரிடம் போங்கள்.

கையுறை. சிப்ஸ் குத்தும் என்று போடுகிறார்கள். சுற்றுகிற டூலின் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. வெறும் விரலைக் கீறிவிட்டுப் போகும் கட்டர், துணியைக் கவ்வினால் கையை உள்ளே இழுக்கும். மணிக்கட்டில் சாமி கயிறு, முழுக்கைச் சட்டை, துப்பட்டா, தொங்கும் செயின் எல்லாமே இந்தக் கணக்கில்தான். சிப்ஸைத் தள்ள பழைய பெயிண்ட் பிரஷ் போதும், அதுவும் ஸ்பிண்டில் நின்ற பிறகு.

நின்றதா என்பதிலும் ஒரு வில்லங்கம். இந்த மெஷின்களில் பரவலாக ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோல் மென்பொருள். அதில் ‘ஃபீட் ஹோல்டு’ கொடுத்தால் நகர்வு மட்டும் நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டவர்கள் உண்டு. மோட்டாருக்குப் பதில் ட்ரிம் ரவுட்டர் என்ற மரவேலைக் கைமெஷினைத் தனி பிளக்கில் மாட்டியிருந்தால் கம்ப்யூட்டர் சொல்வது அதற்குக் கேட்கவே கேட்காது. எல்லாவற்றுக்குமான மின்சாரத்தை ஒரே சுவிட்சில் கொண்டுவந்து, மெஷினுக்கு மேலே கை நீட்டாமல் அணைக்கிற இடத்தில் வையுங்கள்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் தப்பு எங்கள் பேரில்தான். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவது பட்டறைப் பழக்கம், அதைப் பார்த்துப் பையன்களும் விடுகிறார்கள். 775 மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. காற்றுத் துளை வழியாகப் பாருங்கள், நீலப்பொறி பறப்பது தெரியும். கீழே எண்ணெய் குடித்த எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை. மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் குறைந்தபட்சமே 35 டிகிரி. சித்திரை மாதத்து மொட்டைமாடி ரூம் அதைத் தாண்டிவிடும். கட்டிங் ஆயிலை பிரஷ்ஷால் சொட்டுச் சொட்டாக வையுங்கள். ஸ்பிரே வேண்டாம்.

காயலான் கடையில் எடைக்கு வாங்கும் வெள்ளைத் துண்டு அலுமினியம்தானா என்றும் பாருங்கள். பழைய என்ஜின் மூடிகளில் மெக்னீசியம் வரும். அதன் சிப்ஸ் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் கொழுந்துவிட்டு எரியும். காய்ந்த மணல்தான் போட வேண்டும். அரத்தால் ஒரு மூலையைச் சுரண்டி, சமையல் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். மெக்னீசியம் என்றால் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். பித்தளை வெட்டினால் சாப்பிடுமுன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். எளிதாக வெட்டுப்படும் பித்தளைகளில் ஈயம் கலந்திருக்கும்.

கண்ட்ரோல் போர்டு திறந்தே இருக்கும் மாடல் என்றால் சிப்ஸ் விழுந்து ஷார்ட் ஆகும். அந்தத் தம்பி ஒரு டிபன் பாக்ஸைக் கவிழ்த்து மூடியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். ஒற்றை ஃப்ளூட், 200 ஃபீட், சத்தம் சீராக இருந்தது. கண்ணாடி போட்டிருந்தார், கயிற்றைக் கழற்றியிருந்தார். கேமரா கீழே இறங்கியபோது தரையெல்லாம் பளபளவென்று சிப்ஸ், அதன் நடுவே வெறுங்கால்.

“செருப்பு போடு தம்பி” என்று பதில் போட்டேன்.