எஸ்டேட் காரில் சைக்கிள் ஏற்ற: ரேக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் குளிர் விலகிப் பொழுது நீளத் தொடங்கியதும், டோ பாரும் (டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் கம்பி) சைக்கிள் ரேக்கும் பொருத்தும் எங்கள் பட்டறைக்குச் சைக்கிள்காரர்களின் வருகை கூடிவிடும். ஸ்கோடா ஆக்டேவியா, வோல்வோ வி60 போன்ற, கூரை பின்கதவுவரை நீளும் எஸ்டேட் கார்களில்தான் பலர் வருகிறார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கோ வேல்ஸுக்கோ குடும்பத்தோடு போகும்போது சைக்கிளையும் கொண்டுபோகலாம் என்று எண்ணியே அந்த வகைக் காரை வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களில் கணிசமானோர் தள்ளுபடியில் கிடைத்த ஏதோ ஒரு ரேக்கை முதலிலேயே வாங்கிவிட்டு, அதை எப்படியாவது காரில் மாட்டித் தரும்படி கேட்கிறார்கள். இந்த வரிசையே தவறு. காரின் கூரை எவ்வளவு எடை தாங்கும், டோ பாரின் நுனியில் உள்ள உருண்டையான டோ பால் எவ்வளவு தாங்கும், வீட்டில் இருக்கும் சைக்கிள்களில் மிகக் கனமானது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ரேக்கைத் தேட வேண்டும். அந்த எண்கள் தெரிந்துவிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் சைக்கிளை நிறுத்துப் பாருங்கள். குளியலறையில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும்: சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு வெறுங்கையோடு நின்று அதைக் கழித்தால் சைக்கிளின் எடை கிடைத்துவிடும். சாலைப் பந்தயச் சைக்கிள் 8 அல்லது 9 கிலோ இருக்கலாம். மலைப்பாதைச் சைக்கிள் 13 முதல் 16 கிலோ. மின் சைக்கிள் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும், சில 27 கிலோவையும் தொடும். விற்பனைக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். பூட்டு, ஸ்டாண்டு, மட்கார்டு, குழந்தை இருக்கை ஆகியவை அதில் சேர்ந்திருக்காது.

பின்கதவில் பட்டை கட்டித் தொங்கவிடும் ரேக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விலை குறைவு என்பதால் எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. இன்றைய எஸ்டேட் கார்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ரேக்கின் மேல் கொக்கிகள் கதவின் மேல் விளிம்பைப் பிடிக்க வேண்டும். இன்றைய எஸ்டேட் கார்களில் அந்த விளிம்பின் மேல் நீட்டிக்கொண்டிருப்பது பிளாஸ்டிக் ஸ்பாய்லர். அதற்கு எடை தாங்கும் வலு கிடையாது. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் டூரிங்கைப் போலப் பின்கண்ணாடி தனியே திறக்கும் கார்களில் கொக்கி விழும் இடமே கண்ணாடியின் விளிம்பாக இருக்கும். அலுமினியத்தாலோ கலப்புப் பொருளாலோ செய்த கதவுகளும் உண்டு. அவை எஃகுத் தகட்டைப் போலப் பாரத்தை ஏற்காது. பட்டையின் அடியில் சிக்கிய ஒரு சிட்டிகை மணல், நூறு மைல் பயணத்தில் பெயின்டை உரசி அடித்தகடு தெரியும்வரை தேய்த்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கதவு என்றால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: ரேக் மாட்டியிருப்பதை மறந்து யாராவது அழுத்திவிட்டால், அந்தப் பாரத்தோடு கதவைத் தூக்க முயன்று மோட்டார் பழுதாகும். ரேக் தயாரிப்பாளர்கள் எந்தக் காருக்கு எந்த ரேக் பொருந்தும் என்ற பட்டியலை வெளியிடுகிறார்கள். உங்கள் காரின் பெயரும் ஆண்டும் அதில் இல்லையென்றால், பட்டையை இழுத்துக் கட்டினால் நிற்கிறதே என்பதற்காக அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கூரை அடுத்தது. எஸ்டேட் காருக்கு இதில் ஓர் இயல்பான சாதகம் இருக்கிறது. எஸ்.யு.வி.யைக் காட்டிலும் அதன் கூரை தாழ்வானது, பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். நீளமான கூரை என்பதால், ரேக்கைத் தாங்கக் குறுக்கே போடும் இரண்டு பார்களையும் நன்றாக இடைவெளி விட்டு அமைக்கலாம். 10 கிலோ சைக்கிளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைப்பது பெரும்பாலோருக்கு முடிந்த காரியமே. ஆனால் கையேட்டில் கூரைப் பாரம் 75 கிலோ என்று போட்டிருந்தால், அந்த 75 கிலோவில் பார்களின் எடையும் ரேக்குகளின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவை இரண்டுக்குமாக 15 கிலோ போனால், சைக்கிளுக்கு மிஞ்சுவது 60 கிலோதான். அதற்கு மேல், கூரை ரேக் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. பரவலாக விற்கும் துலே புரோரைடு போன்றவற்றில் ஒரு சைக்கிளுக்கு 20 கிலோ. ஆகவே, மின் சைக்கிள் வைத்திருப்பவருக்குக் கூரை என்ற வழி பெரும்பாலும் இங்கேயே அடைபட்டுவிடுகிறது. பேட்டரியைக் கழற்றினால் ஏறத்தாழ மூன்று கிலோ குறையும் என்றாலும், அப்போதும் அந்த எடையைத் தலைக்கு மேல் தூக்கும்போது முதுகுக்கும் காரின் பெயின்டுக்கும் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

கூரையில் சைக்கிள் ஏறிவிட்டால் காரின் மொத்த உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். இங்குள்ள பல மாடி வாகன நிறுத்தங்களிலும் கடற்கரை வாகன நிறுத்தங்களிலும் உயரத் தடைக் கம்பி 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நாள் முழுக்க மிதித்துக் களைத்து வீடு திரும்பும் வேளையில், மேலே சைக்கிள் இருப்பது நினைவில் இல்லாமல் அந்தக் கம்பிக்குள் நுழைந்தால் சைக்கிளும் போகும், ரேக்கும் போகும், கூரையும் வளைந்துவிடும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதி ஒட்டிவைக்கும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். வேகம் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கமாக உயர்வதால், மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் எரிபொருள் செலவு கண்கூடாக ஏறும்; மின்சாரக் காரில் அதுவே சார்ஜ் போடும் இடைவெளியைச் சுருக்கிவிடும்.

இருந்தும், கார்பன் சட்டகம் கொண்ட இலகுவான சைக்கிளுக்குக் கூரையையே நான் சொல்வேன். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கை அச்சால் பூட்டும் ரேக் இருந்தால், சட்டகத்தின் குழாயை எந்தப் பிடியும் தொட வேண்டியதில்லை. குழாயைப் பிடித்து இறுக்கும் வகை ரேக்கில், கை வலுவுக்கு ஏற்ப இறுக்கம் கூடிக்கொண்டே போனால், கார்பன் உள்ளே விரிசல் விட்டும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடும். ஃபோர்க் ரேக் வாங்கும்போது உங்கள் சைக்கிளின் அச்சு அளவைப் பாருங்கள். பழைய 9 மில்லிமீட்டர் அச்சுக்கும், சாலைச் சைக்கிளின் 12 மில்லிமீட்டருக்கும், மலைச் சைக்கிளின் 15 மில்லிமீட்டருக்கும் வெவ்வேறு இணைப்பான் வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கும் மின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் டோ பால் ரேக்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. இடுப்பு உயரம்கூடத் தூக்க வேண்டாம், சைக்கிள் காரின் பின்னே காற்று மறைவில் நிற்கும், உயரத் தடையின் பயமும் இல்லை. ஆனால் அதிகமாகத் தவறான நம்பிக்கை நிலவுவதும் இங்கேதான். "என் கார் ஒன்றரை டன் டிரெய்லரை இழுக்கும், நாலு சைக்கிளைத் தாங்காதா?" என்று கேட்கிறார்கள். இழுப்பது வேறு, தாங்குவது வேறு. ரேக்கின் முழு எடையும் டோ பாலின் மீது செங்குத்தாக இறங்குகிறது. அதற்கான வரம்பு டோ பாரின் தகட்டில் எஸ் என்ற எழுத்துக்கு எதிரே கிலோவில் இருக்கும். காரின் கையேட்டிலும் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிலோ வரம்பில் 18 கிலோ ரேக்கைக் கழித்தால் 57 கிலோ மிஞ்சும். 25 கிலோ மின் சைக்கிள் இரண்டு தாராளமாகப் போகலாம். வரம்பு 50 கிலோ மட்டும் உள்ள சிறிய காரில் அதே ரேக்கைப் போட்டால் மிஞ்சுவது 32 கிலோ, அதாவது ஒரே ஒரு மின் சைக்கிள். மின்சாரக் கார்களில் சிலவற்றுக்கு இழுக்க அனுமதி இல்லாமல் ரேக் தாங்க மட்டும் டோ பால் பொருத்தலாம். சிலவற்றுக்கு எதுவுமே பொருத்தக்கூடாது.

அந்த எடை நிற்கும் இடமும் முக்கியம். பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி 75 கிலோ இறங்குகிறது, முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்சக்கரங்களின் மீதிருந்து ஏறத்தாழ 30 கிலோ குறைந்து, பின்சக்கரங்களின் மீது 105 கிலோ ஏறுகிறது. இது குறைந்தபட்சக் கணக்கு, ஏனெனில் சைக்கிள்கள் பாலுக்கும் பின்னால்தான் நிற்கின்றன. எஸ்டேட் காரின் டிக்கியில் விடுமுறைச் சாமான்களும் நிறைந்திருந்தால் காரின் பின்பகுதி அமிழ்ந்து முன்விளக்குகள் மேல்நோக்கிப் பார்க்கும். ஆகவே, கதவோரத் தகட்டில் முழுப் பாரத்துக்குக் குறித்திருக்கும் அளவுக்குப் பின் டயர்களின் காற்றை ஏற்றுங்கள், விளக்கின் மட்டத்தைக் குறைத்து வையுங்கள், கனமான சைக்கிளைக் காரை ஒட்டிய முதல் வரிசையில் ஏற்றுங்கள்.

டோ பாலைக் கிள்ளிப் பிடிக்கும் ரேக்குகள் உராய்வை நம்பியே நிற்கின்றன. கேரவன் இழுப்பவர்கள் அந்தப் பாலில் கிரீஸ் தடவி வைத்திருப்பது வழக்கம். அதே பாலில் ரேக்கை மாட்டினால், பட்டறையில் அசையாமல் நிற்கும் ரேக் வட்டச் சந்திப்பில் திரும்பும்போது மெல்லச் சாய்ந்து, ஒரு பக்கச் சக்கரம் தரையை நெருங்கிவிடும். பாலைத் துணியால் துடைத்தால் போதாது. எண்ணெய் போக்கும் திரவத்தால் கழுவி, விரலால் தடவினால் வழுக்காத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பாலின் மேல் பெயின்ட் பூச்சு இருந்தால் அதையும் நீக்க வேண்டும். பாலின் உலோகமும் கவனத்துக்குரியது: இத்தகைய ரேக்குகள் எஃகுப் பாலையோ அதற்கு நிகரான வலுவுள்ள வார்ப்பையோ கேட்கின்றன, அலுமினியப் பாலில் மாட்டவே கூடாது. பிரிட்டனில் இன்னும் புழங்கும், இரண்டு போல்ட்டால் இறுக்கும் ஃபிளாஞ்சு வகைப் பாலில், ரேக்கின் பிடி உட்காரப் போதுமான கழுத்து இல்லாமல் போவதுண்டு. அன்னக் கழுத்து வடிவிலானதே ரேக்குக்கு ஏற்றது.

எண் பலகையும் விளக்கும் சட்ட விஷயம். சைக்கிள்கள் காரின் எண்ணையும் பின்விளக்குகளையும் மறைத்தால், ரேக்கிலேயே விளக்குப் பலகையும் மஞ்சள் நிற எண் பலகையும் இருக்க வேண்டும். மறைந்த எண்ணுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். அட்டையில் கையால் எழுதி மாட்டுவது செல்லாது. 2021 செப்டம்பர் 1 முதல் பொருத்தும் புதிய பலகைகள் பி.எஸ். ஏ.யு. 145இ என்ற தரத்தில் இருக்க வேண்டும். ரேக்கின் பிளக் பெரும்பாலும் 13 முனைகள் கொண்டது. காரில் பழைய 7 முனைச் சாக்கெட் இருந்தால் இணைப்பான் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்கு வேலை செய்யாது. காருக்கென்றே வடிவமைத்த மின்கம்பித் தொகுப்பைப் போட்டால், ரேக்கின் பிளக்கைச் செருகியதுமே காரின் பின்புறத் தடையறியும் சென்சார்கள் ஓய்ந்துவிடும். மலிவான வழியில் கம்பி இழுத்த கார்களில் ரிவர்ஸ் போட்டதும் சென்சார் விடாமல் அலறும். சில கார்கள் பின்னால் தடை இருப்பதாக எண்ணித் தாமாகவே பிரேக் பிடித்துவிடும். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எஸ்டேட்டின் பின்கதவு நீளமானது என்பதால் இன்னொன்றையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். டோ பால் ரேக்கைப் பின்னால் சாய்த்தபின் கதவு முழுதாகத் திறக்கிறதா என்பதைச் சைக்கிள் ஏற்றிய நிலையில் பார்க்க வேண்டும், வெறும் ரேக்கில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். டிக்கியில் நாயை ஏற்றிச் செல்கிறவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, அவசர வேளையில் அதை வெளியே எடுப்பதற்கான வழியும்கூட. சைக்கிள் டயர் புகைக்குழாயின் நேர் பின்னே வருகிறதா என்றும் குனிந்து பாருங்கள். சூடான புகை டயரையும் கார்பன் வளையத்தையும் கெடுத்துவிடும்.

கடைசியாக, எந்த ரேக்கும் வாங்காமல் இருக்கும் வழி. ஒருவரோ இருவரோ மட்டும் பயணம் செய்தால், எஸ்டேட் காரின் உள்ளேயே சைக்கிளை வைப்பதைவிடப் பாதுகாப்பானது இல்லை. ஆக்டேவியா எஸ்டேட்டில் பின் இருக்கைகளை மடக்கினால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் கிடைக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, பழைய போர்வை விரித்து, செயின் இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்க வையுங்கள். கியர் மாற்றும் பாகம் அடியில் நசுங்கினால் வளைந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் கழற்றிய இடத்தில் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுங்கள், இல்லையேல் பிரேக் கைப்பிடி அழுந்தினால் பேடுகள் ஒட்டிக்கொண்டு சக்கரத்தை மீண்டும் மாட்ட முடியாமல் போகும். டிக்கியின் தரையிலுள்ள வளையங்களில் பட்டை போட்டுச் சைக்கிளைக் கட்டாயம் கட்டுங்கள். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டாத சைக்கிள் ஓட்டுநரின் தலையை நோக்கித்தான் வரும். குழந்தைகள் பின்னால் உட்கார வேண்டிய குடும்பத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் டோ பால் ரேக்குக்கே திரும்ப வேண்டும்.

டோ பார் பொருத்தினால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். எந்த வழியில் ஏற்றினாலும் முதல் பத்து மைலில் ஓரமாக நிறுத்திப் பட்டைகளையும் பிடிகளையும் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். சைக்கிள் குலுங்கி உட்கார்ந்ததும் இறுக்கம் தளர்வது இயல்பு. பம்ப், தண்ணீர்ப் புட்டி, மின் சைக்கிளின் பேட்டரி ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே கழற்றிக் காருக்குள் வைத்துவிடுங்கள்.